மதகா, நண்டு வளையா: அண்ணப்பிளவு தைத்த குழந்தையின் பேச்சை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

குடவாசல் தகப்பன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஐந்தரை வயது. பிறக்கும்போதே இடப்பக்க உதட்டிலும் மேல்வாயிலும் பிளவு இருந்தது. நான்காவது மாதத்தில் உதட்டையும் பதின்மூன்றாவது மாதத்தில் அண்ணத்தையும் தைத்தார்கள். உதட்டுத் தழும்பு இன்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். சாப்பாட்டில் குறையில்லை என்றாலும் ரசத்தையோ பாலையோ அவசரமாகக் குடித்தால் மூக்கில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும்.

எங்கள் கவலையெல்லாம் பேச்சைப் பற்றியது. "அக்கா" என்று தெளிவாகச் சொல்கிறாள். "பாட்டி" என்பதும் ஏறக்குறைய சரியாகவே வருகிறது. "அப்பா" என்னும்போது மூக்கில் புஸ்ஸென்று ஒரு சத்தம் சேர்ந்து வருகிறது. "தாத்தா" என்று கூப்பிடச் சொன்னால் "காக்கா" என்கிறாள். இரண்டு வயதில் அதைக் கேட்டு வீடே சிரித்தது. என் அப்பாவும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். இப்போது ஒன்றாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

சென்ற மாதம் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டினோம். ஒன்று முதல் எண்ணச் சொன்னார், ஐந்து வரை கேட்டார், "மூக்கால் பேசுகிறாள், இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படும்" என்று எழுதிக் கொடுத்தார். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. வேறொருவர் தினமும் பலூன் ஊதச் சொன்னார். பேச்சை மதிப்பிடுவது என்றால் உண்மையில் என்னதான் செய்ய வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அரசலாற்றுக் கரை

வணக்கம் ஐயா. நான் கும்பகோணத்தில் பேச்சு, செவித்திறன் சிகிச்சையாளராக இருக்கிறேன். இங்கே எழுதுவது எதுவும் குழந்தையை நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது. ஆனாலும் அந்த எண்ணிக்கைச் சோதனையைப் பற்றி உடனே சொல்லியாக வேண்டும்.

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். ஐந்து சொல்லிலும் ஒரு மெல்லின எழுத்து இருக்கிறது. ங, ஞ, ண, ந, ம, ன ஆகிய ஆறும் மூக்கு வழியாகக் காற்றுப் போனால்தான் பிறக்கும். அவற்றை ஒலிக்கும்போது யாருடைய மென்னண்ணமும், அதாவது மேல்வாயின் பின்பக்கத்து மெத்தென்ற அசையும் பகுதியும், தாழ்ந்து, மூக்கு வழி திறந்துதான் இருக்கும். பக்கத்தில் நிற்கும் உயிரெழுத்தின் மேலும் அந்த மூக்கொலி கொஞ்சம் படியும். ஐந்து வரை எண்ணவைத்து மூக்கொலியைக் கண்டுபிடிப்பதென்றால் என்னிடமும் கண்டுபிடிக்கலாம். அவர் ஆறு, ஏழு, எட்டு வரை பொறுத்திருந்தால் ஏதேனும் தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் அறுபது முதல் எழுபது வரை எண்ணச் சொல்வது வழக்கம், ஏனென்றால் 'சிக்ஸ்டி சிக்ஸ்' போன்ற சொற்களில் காற்றழுத்தம் வேண்டிய ஒலிகள் நெருக்கமாக வருகின்றன. அதைத் தமிழில் அப்படியே செய்தால் ஒண்ணும் ரெண்டும் மூணும் மறுபடியும் உள்ளே வந்துவிடும். அதனால் நான் அறுபத்தாறு, அறுபத்தேழு, அறுபத்தெட்டு ஆகிய மூன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு நான் இப்படித்தான் விளக்குவது வழக்கம். மென்னண்ணம் ஒரு மதகுப் பலகை. ப, த, ட, க, ச போன்ற வல்லின ஒலிகளுக்கு அது மேலெழுந்து பின்பக்கத் தொண்டைச் சுவரோடு ஒட்டி மூக்கு வழியை அடைக்க வேண்டும். அப்போதுதான் வாய்க்குள் காற்று தேங்கி, அழுத்தம் ஏறி, வெடித்து வெளியேறும். பலகை எட்டாமல் போனாலோ அசையாமல் போனாலோ எல்லா வல்லினத்திலும் காற்று ஒழுகும், உயிரெழுத்துகளும் மூக்கில் முழங்கும். பலகை சரியாக இருந்து, வரப்பில் நண்டு வளை வைத்ததுபோல அண்ணத்தின் முன்பகுதியில் ஒரு சிறு துளை இருந்தால் கதை வேறு. அந்தத் துளைக்கு முன்னால் பிறக்கும் ஒலிகளில் மட்டும் காற்று ஒழுகும். 'க' துளைக்குப் பின்னால், நாவின் பின்பகுதியில் பிறப்பது, அது தப்பித்துவிடும்.

உங்கள் மகள் "அக்கா"வைத் தெளிவாகச் சொல்கிறாள், "அப்பா"வில் காற்று ஒழுகுகிறது என்கிறீர்கள். நாளை வெயில் நன்றாக விழும் நேரத்தில், டார்ச்சும் வைத்துக்கொண்டு, மேல் முன்பற்களுக்குப் பின்னால் தையல் கோட்டைப் பாருங்கள். கூடவே சில கேள்விகள்: காதைச் சோதித்தது எப்போது? இரவில் குறட்டை விடுகிறாளா? அந்த மருத்துவரிடம் போன அன்று சளி இருந்ததா? மூக்கடைப்பு இருந்தால் ஒழுக்கும் முழக்கமும் மறைந்துபோகும் என்பதால், மார்கழிச் சளியோடு வரும் குழந்தையைக் கேட்டுவிட்டு நான் எதையும் எழுதுவதில்லை.

மன்னார்குடி அத்தை

என் நாத்தனார் மகனுக்கும் இதே பிரச்சினைதான். தினமும் காலையில் பத்துப் பலூன், மாலையில் பூஜை அறையில் சங்கு ஊதவைத்தோம். இன்று நன்றாகப் பேசுகிறான். பயிற்சியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்பதே என் கருத்து.

சீவாளி

அத்தை அவர்களுக்கு மறுப்பாக அல்ல, என் அனுபவமாகச் சொல்கிறேன். எங்களுடையது மயிலாடுதுறைப் பக்கத்து நாதஸ்வரக் குடும்பம், எனக்குப் பிளவு எதுவும் கிடையாது. ஆனாலும் முகூர்த்த மாதங்களில் தொடர்ந்து ஏழெட்டு நாள் கச்சேரி அமைந்தால், கடைசி நாள் இரவு மேல்ஸ்தாயியில் நிற்கும்போது மூக்கில் காற்றுச் சீறுவதை நானே உணர்வேன். வாத்தியத்தில் இருந்த அழுத்தம் திடீரென்று பாதியாகிவிடும். அந்த நிலையிலும் கச்சேரி முடிந்து பேசினால் பேச்சில் எந்த மாற்றமும் இருக்காது. ஊதுவதற்கு மூடுவதும் பேசுவதற்கு மூடுவதும் ஒன்றுதானா என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

அரசலாற்றுக் கரை

ஒன்றல்ல ஐயா. நீங்கள் சொல்வது காற்று வாத்தியக் கலைஞர்களிடம் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிற ஒரு நிலைதான். ஊதும்போது தேவைப்படும் அழுத்தம் பேச்சுக்குத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு அதிகம்; மென்னண்ணம் முழுப் பலத்தோடு, நீண்ட நேரம் மூடியே இருக்க வேண்டும். பேச்சிலோ அது ஒரு நொடிக்குள் பலமுறை திறந்து மூடுகிறது. "பந்து" என்ற சின்னச் சொல்லுக்குள்ளேயே ஒருமுறை மூடி, திறந்து, மறுபடி மூட வேண்டும். அதனால்தான் நன்றாக ஊதத் தெரிந்த குழந்தை மூக்கால் பேசுவதும், நன்றாகப் பேசும் கலைஞருக்கு ஊதும்போது ஒழுகுவதும் நடக்கின்றன.

அத்தை அவர்கள் வருத்தப்படக் கூடாது. பலூன், மெழுகுவத்தி, விசில் ஆகியவை பேச்சின் மூக்கொலியைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அந்தப் பையன் வளர்ந்ததாலோ, பள்ளியில் பேசிப் பேசியோ, வேறு சிகிச்சையாலோ தேறியிருக்கலாம். பலூன் ஊதுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அதில் கழியும் காலம் திரும்பக் கிடைக்காது.

குடவாசல் தகப்பன்

மேடம், பார்த்துவிட்டேன். முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால், இடப்பக்கம், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துளை இருக்கிறது. நாலரை வருடமாக இந்த வாயில் சோறு ஊட்டுகிறோம், கண்ணில் படவே இல்லை. காதைப் பிறந்தபோது பார்த்ததுதான். குறட்டை இல்லை. அந்த மருத்துவரிடம் போனபோது சளியும் இல்லை. பதின்மூன்றாம் மாதம் வரை தள்ளிப் போட்டதால்தான் இப்படி ஆனதோ என்று என் மனைவி அழுகிறாள்.

அறுவை அரங்கு

நான் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைத் துறையில் பயிற்சியில் இருப்பவன். இரண்டு விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, உங்கள் மனைவியின் கேள்வி. 2023இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 558 குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆறாம் மாதத்திலும் மற்றதற்குப் பன்னிரண்டாம் மாதத்திலும் அண்ணத்தைத் தைத்தார்கள். ஐந்து வயதில் மென்னண்ணம் போதிய அளவு மூடாத நிலை முதல் குழுவில் 8.9 சதவீதம், இரண்டாவதில் 15.0 சதவீதம். ஆனால் அவர்கள் அனைவரும் உதட்டில் பிளவில்லாத, அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள குழந்தைகள். உங்கள் மகளுடையது உதட்டோடு சேர்ந்த பிளவு. அந்த எண்களை அவள்மேல் ஏற்றிப் பார்ப்பது சரியாகாது. தவிரவும், அந்த ஆய்வு பேசுவது மென்னண்ணத்தைப் பற்றி. உங்களுடையது துளை என்றே தோன்றுகிறது. பன்னிரண்டு மாதத்தை ஒட்டித் தைப்பது இன்றும் பல மையங்களில் வழக்கமானதே, தாமதம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இரண்டாவது, சகோதரி அரசலாற்றுக் கரை காதையே நம்பி எழுதுவதுபோல் இருக்கிறது. காது கேட்பது விளைவை மட்டும்தான். மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு, குழந்தை பேசும்போதே மென்னண்ணம் எங்கே, எந்த அளவுக்கு இடைவெளி விடுகிறது என்று பார்க்காமல் அறுவை சிகிச்சையைத் திட்டமிட முடியாது. பேசும்போது பக்கவாட்டில் எக்ஸ்ரே படக்காட்சி எடுப்பதும் உதவும். மென்னண்ணம் குட்டையா, நீளம் இருந்தும் தசை தவறான திசையில் ஒட்டியிருக்கிறதா, தொண்டைச் சுவர் உள்ளே வருகிறதா என்பதைப் பொறுத்துச் செய்யும் அறுவை மாறும்.

அரசலாற்றுக் கரை

தம்பி சொல்வதை முழுவதும் ஏற்கிறேன், வரிசையில் மட்டும் வேறுபடுகிறேன். கேமராவை விடுவதா வேண்டாமா என்பதைக் காதுதான் முடிவு செய்கிறது. கேமராவை உள்ளே விட்டபிறகு குழந்தையை என்ன சொல்லவைப்பது என்பதையும் காதுதான் சொல்ல வேண்டும். தொண்டையிலேயே வெட்டி ஒலிக்கப் பழகிய குழந்தை ஒன்று இருக்கட்டும்; "அப்பா" என்பதை "அ-ஆ" என்று நடுவே குரல்வளையைப் பூட்டிச் சொல்லும். அந்த ஒலிக்கு மென்னண்ணம் எழவேண்டிய அவசியமே இல்லை. கேமராவில் பார்த்தால் மூடவே இல்லை என்று தெரியும். அண்ணம் செத்துவிட்டது என்று நினைத்து அறுவைக்கு அனுப்புவார்கள். அதே குழந்தைக்கு ஒரே ஒரு ஒலியைச் சரியான இடத்தில் பிறப்பிக்கக் கற்றுக் கொடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் மென்னண்ணம் எழுவதைக் காணலாம்.

என் வேலையின் முக்கால் பங்கு இந்தப் பிரிப்புதான். கட்டமைப்பால் வரும் கோளாறு ஒன்று: முழக்கம், ஒழுக்கு, வலுவற்ற வல்லினம். இவற்றை எத்தனை பயிற்சி கொடுத்தாலும் நாக்கு சரிசெய்யாது. பழக்கத்தால் வரும் கோளாறு இன்னொன்று: ஒலியைத் தொண்டைக்கோ நாவின் பின்பகுதிக்கோ தள்ளிவிடுவது. இதைக் கத்தி சரிசெய்யாது. ச ஒன்றில் மட்டும் மூக்கில் காற்று விடும் குழந்தைகளும் உண்டு. மற்ற வல்லினமெல்லாம் சுத்தமாக இருக்கும். ஒரு வேலைக்கு மட்டும் எழ மறுக்கும் தசை என்று ஒன்று இல்லை, அது முழுக்க முழுக்கப் பழக்கம். அப்படிப்பட்ட குழந்தையையும் அறுவைக்கு எழுதிக் கொடுத்த சீட்டுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

அறுவை அரங்கு

அந்த வரிசையை ஏற்கிறேன். பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். பிளவே தெரியாத குழந்தை மூக்கால் பேசினால், உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். மேல்தோல் மூடியிருக்க உள்ளே தசை மட்டும் பிளந்திருப்பதற்கு அது ஓர் அறிகுறி. அத்தகைய குழந்தைக்கு மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையைச் சுரண்டி எடுத்துவிட்டால், அதுவரை அந்தச் சதையில் முட்டி மூடிக்கொண்டிருந்த மென்னண்ணத்துக்கு எட்டுமிடம் இல்லாமல் போய், பேச்சு கெட்டுவிடக்கூடும். இதயக் கோளாறும் சேர்ந்திருந்தால் 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அவர்களில் சிலருக்குக் கழுத்துத் தமனி தொண்டைச் சுவரின் நடுப்பக்கமாக ஒதுங்கி ஓடும், தெரியாமல் அங்கே கத்தி வைப்பது ஆபத்து.

சீவாளி

மேடம், தமிழில் சோதிக்க என்ன வாக்கியங்களைப் பயன்படுத்துகிறீர்கள் என்று எழுத முடியுமா? எங்கள் தெருவிலும் ஒரு பிள்ளை இருக்கிறது.

அரசலாற்றுக் கரை

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம்மிடம் அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான்.

முதல் வகை வாக்கியத்தில் மெல்லினம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. எழுதிப் பார்த்தால்தான் இது எவ்வளவு கடினம் என்று தெரியும். "பாப்பா பழம் சாப்பிட்டாள்" என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால் "பழம்" கடைசியில் ம் நிற்கும். பேசும்போது அந்த ம் தனியாக ஒலிக்கக்கூட இல்லாமல், முன்னிருக்கும் உயிரையே மூக்கொலியாக்கிவிட்டுப் போய்விடும். மரம், அவன், வந்தேன், போனோம் என்று நம் பேச்சில் பாதிச் சொற்கள் இப்படித்தான் முடிகின்றன. தமிழ் தெரியாத ஒருவர், படித்த நிபுணராகவே இருந்தாலும், நம் ஊர்க் குழந்தையின் இயல்பான பேச்சை ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு "லேசான மூக்கொலி" என்று எழுத இதுவே போதும். எனவே நான் வைத்திருப்பவை இப்படி இருக்கும்: "அப்பா பாக்கு வெட்டு", "பாட்டி காப்பி கொடு", "தாத்தா தட்டை எடு", "அக்கா சட்டை ஈரச் சட்டை", "சித்தி பச்சைச் சீப்பு எடு". படிக்கத் தெரியாத குழந்தைக்கு நான் சொல்லி, அவள் திருப்பிச் சொல்வாள். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரே வல்லினத்தை மிகுத்து வைத்தால் எந்த ஒலியில் ஒழுகுகிறது என்பது தனித்துத் தெரியும்.

வல்லினத்தை இரட்டித்தே வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். "பகல்" என்பதில் உள்ள க நம் பேச்சில் இயல்பாகவே தளர்ந்து, ஏறக்குறைய ஹகரமாகிவிடும். அதைக் கேட்டு வல்லினத்தில் வலுவில்லை என்று எழுதினால் குற்றம் மொழியினுடையது, குழந்தையினுடையதல்ல. "பக்கம்", "பாட்டி", "தாத்தா", "அப்பா", "பச்சை" என்று இரட்டிக்கும்போதுதான் வாய்க்குள் அழுத்தம் முழுதாக ஏறி நிற்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் வகை, நேர்மாறாக, மெல்லினத்தை அடைத்து வைத்தது: "அம்மா மீன் வாங்கினாங்க", "மாமா மாங்கா தின்னாங்க". இதில் மூக்கொலி இருந்தே ஆகவேண்டும். "அப்பா பீட் வாக்கிடாக்க" என்பதுபோல அடைத்து வந்தால் மூக்கு வழியில் தடை. அடினாய்டோ, சளியோ, முன்பு செய்த அறுவையோ காரணமாக இருக்கலாம். சில குழந்தைகளுக்கு முழக்கமும் அடைப்பும் சேர்ந்தே இருக்கும்.

மூன்றாவதாக "ஈ" என்று நீட்டச் சொல்லி, மூக்கை விரலால் பிடித்தும் விட்டும் கேட்பேன். குரல் மாறவில்லை என்றால் நல்லது. மாறினால் மூக்கில் முழக்கம் இருக்கிறது. "ஆ"வைவிட "ஈ", "ஊ" ஆகியவற்றில் இது முன்னதாகவே தெரிந்துவிடும். பிறகு கண்ணாடி. மூக்கடியில் சிறு கண்ணாடியை வைத்து "பாப்பா", "தாத்தா" சொல்லும்போது ஆவி படிகிறதா என்று பார்ப்பது. நம் சித்திரை வெயிலில் கண்ணாடியே சூடாக இருப்பதால் ஆவி படியாது. நான் பானைத் தண்ணீரில் போட்டு எடுத்து, துடைத்துவிட்டு வைக்கிறேன். சொல் தொடங்கிய பிறகு வைத்து, முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குழந்தை மூச்சு விடுவதையும் ஒழுக்கு என்று எழுதிவிடுவோம். இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவின் ஒரு முனையை மூக்குத் துவாரத்திலும் மறுமுனையை நம் காதிலும் வைத்தால், கண்ணாடியில் தெரியாத சிறு ஒழுக்கும் காதில் சீறும்.

மூக்கொலியின் அளவை எண்ணாகத் தரும் நாசோமீட்டர் என்ற கருவியும் இருக்கிறது. மூக்கிலும் வாயிலும் வரும் ஒலியாற்றலைத் தனித்தனியாக எடுத்து, மொத்தத்தில் மூக்கின் பங்கு எத்தனை சதவீதம் என்று சொல்லும். ஆங்கிலத்தில் மெல்லினமே இல்லாத பத்திக்குச் சுமார் 15, மெல்லினம் நிறைந்த வாக்கியங்களுக்குச் சுமார் 60 என்று அளவு வைத்திருக்கிறார்கள். தமிழ்க் குழந்தையிடம் கதை சொல்லச் சொல்லி அந்த 15ஓடு ஒப்பிட்டால் எல்லாக் குழந்தையும் நோயாளிதான்.

டீச்சர் 1ஆம் வகுப்பு

நான் திருவாரூர் மாவட்டத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் வாய்விட்டு வாசிப்பதையும் மதிப்பிடுகிறோம். இத்தகைய குழந்தை "வாழைப்பழம்" என்பதை "வாளப்பளம்" என்று வாசித்தால் அதைப் பிளவின் விளைவு என்று கொள்வதா?

அரசலாற்றுக் கரை

டீச்சர், முதலில் அந்தக் குழந்தையின் அம்மா எப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். வீட்டில் அனைவரும் "வாளப்பளம்" என்றால் குழந்தை சரியாகவே கற்றிருக்கிறாள். ழ, ற, ர ஆகியவை எந்தக் குழந்தைக்கும் தாமதமாக வருபவை. அவற்றுக்கு வாய்க்குள் பெரிய அழுத்தமும் தேவையில்லை. நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி வேறு. அவள் அடிக்கடி "ஆங்?" என்று கேட்கிறாளா, பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று கவனித்துச் சொல்லுங்கள். அண்ணப்பிளவுக் குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் தேங்குவது மிகச் சாதாரணம், ஏனென்றால் காதுக்கும் தொண்டைக்கும் நடுவிலுள்ள குழாயைத் திறந்துவிடும் தசையும் அதே அண்ணத்தில்தான் இருக்கிறது. காது மந்தமான குழந்தையின் பேச்சை மட்டும் மதிப்பிடுவது பாதி வேலை. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் குழந்தைகள் நல மருத்துவக் குழுவின் பட்டியலில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் இருக்கின்றன. அவர்களிடம் சொன்னால் மாவட்ட மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

வேதாரண்யத்தான்

எனக்கு முப்பத்து நான்கு வயது. அண்ணப்பிளவோடு பிறந்து, மூன்று அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். மேலே எழுதியதெல்லாம் சரி, ஆனால் ஒரு குறையைச் சொல்கிறேன். இருபது வயதில் என்னை ஓரிடத்தில் மதிப்பிட்டபோது நான்கு பேர் என் பதிவைக் கேட்டு, "புரிகிறது, சிறிய மூக்கொலி, மேற்கொண்டு சிகிச்சை தேவையில்லை" என்று எழுதினார்கள். எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் இன்றும் தொலைபேசியில் பேசும் முதல் நிமிடத்திலேயே "சளியா சார்?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஒரு வாடிக்கையாளர் முழு ஒரு வருடம் என்னிடம் மிளகுக் கஷாயம் குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு கேள்வியையும் அந்த நால்வரில் யாரும் கேட்கவில்லை.

அரசலாற்றுக் கரை

நீங்கள் சொல்லும் வேறுபாட்டுக்குத் துறையில் பெயரே இருக்கிறது ஐயா. 2008இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து, எந்த மொழியானாலும் பொதுவாக எழுத வேண்டியவை என்று வகுத்த பட்டியலில் முழக்கம், அடைப்பு, காதில் விழும் ஒழுக்கு, மெய்யொலிப் பிழை, குரல் ஆகியவற்றோடு இரண்டு பொதுவான மதிப்பீடுகளையும் சேர்த்தார்கள். ஒன்று, பேச்சு எவ்வளவு புரிகிறது. மற்றது, கேட்பவருக்கு அது எவ்வளவு இயல்பாகப் படுகிறது. முதலாவதில் முழு மதிப்பெண் வாங்கியும் இரண்டாவதில் தடுமாறுகிறவர்கள் உங்களைப் போல் பலர். உங்களை மதிப்பிட்டவர்கள் முதலாவதோடு நிறுத்திவிட்டார்கள். பேசுகிறவர் தன் பேச்சைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதையும் எட்டு வயதுக்கு மேற்பட்ட எவரிடமும் கேட்டு எழுதுவது இப்போது என் வழக்கம். நான் படித்து வந்த புதிதில் நானும் கேட்டதில்லை.

குடவாசல் தகப்பன்

மேடம், வீட்டிலேயே அலைபேசியில் பதிவு செய்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

அரசலாற்றுக் கரை

குரல் பதிவாக வேண்டாம். அது ஒலியைச் சுருக்கி, சகரத்தின் உரசலையும் மெல்லிய சீறலையும் தின்றுவிடும். நாம் தேடுவதே அந்தச் சீறல்தான். முகம் நன்றாகத் தெரியும்படி வீடியோ எடுத்து, சுருங்காமல் போக 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு முழத் தொலைவில் போனை வைத்து, மேலே எழுதிய வாக்கியங்களையும், பிறகு அவள் இஷ்டத்துக்கு ஒரு கதையையும் சொல்லவையுங்கள். முகம் எதற்கு என்றால், காற்றைத் தடுக்க மூக்கைச் சுளிக்கும் குழந்தைகள் உண்டு, அதுவும் மதிப்பீட்டில் ஒரு குறிப்பு. என்னோடு இன்னொருவரையும் தனியாகக் கேட்கச் செய்வேன். இருவர் எழுதியதும் ஒத்துவராவிட்டால் மறுபடியும் கேட்போம். ஒரு காதை மட்டும் நம்பக் கூடாது, என் காதாகவே இருந்தாலும்.

துளையைப் பபிள்கம்மாலோ வேறு எதனாலோ நீங்களே அடைத்துப் பார்க்க வேண்டாம், தொண்டைக்குள் போய்விடும். அதைப் பல் மருத்துவரை வைத்துக்கொண்டு இங்கே செய்யலாம்.

குடவாசல் தகப்பன் (நான்கு வாரங்களுக்குப் பிறகு)

எல்லோருக்கும் நன்றி. நேரில் போய் வந்தோம், நடந்ததை எழுதுகிறேன்.

வீடியோவில் இருவர் கேட்டதும் ஒத்துப்போனது. "ஈ"யில் மூக்கைப் பிடித்தும் விட்டும் பார்த்ததில் குரல் மாறவே இல்லை. "அப்பா பாக்கு வெட்டு" என்றபோது முதல் இரண்டு சொற்களிலும் கண்ணாடி வெளுத்தது, "அக்கா"வில் வெளுக்கவில்லை. பல் மருத்துவர் அச்செடுத்து, அடுத்த வாரம் மேல்வாயில் பொருந்தும் ஒரு மெல்லிய தகடு செய்து கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு "அப்பா" என்றாள். கண்ணாடி சுத்தமாக இருந்தது. அந்தப் புஸ் சத்தமும் இல்லை. ஐந்தரை வருடத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அப்படி நான் கேட்டதில்லை. மென்னண்ணம் தன் வேலையைச் செய்கிறது, இப்போதைக்கு இரண்டாவது அறுவையும் வேண்டாம், கேமராவும் வேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்போம் என்றார்கள். ஈறில் எலும்பு வைக்கும் அறுவை எட்டு வயதுக்குமேல் எப்படியும் வரும், துளையை அப்போது சேர்த்து மூடிக்கொள்ளலாம், அதுவரை தகடு போதும் என்பது ஏற்பாடு. இடது காதில் நீர் இருப்பதும் தெரிந்தது. அதற்குக் காது மருத்துவரிடம் தனியாகப் போகிறோம்.

தகட்டை மாட்டிய பிறகும் "தாத்தா" மட்டும் "காக்கா"வாகவே இருக்கிறது. நான் சோர்ந்துபோனேன். மேடம்தான் விளக்கினார்: 'த' சொன்னால் துளை வழியாகக் காற்று போய்விடுகிறது என்று கண்டுகொண்டு, இவளுடைய நாக்கு துளைக்குப் பின்னால் இடம் மாறி, 'க'வாகச் சொல்லித் தப்பித்திருக்கிறது, 'ப'வுக்கு உதட்டை விட்டால் வேறு இடம் இல்லாததால் அங்கே மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. துளை அடைபட்டது நாக்குக்கு இன்னும் தெரியவில்லை. நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவில் வைத்து, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே "தா" என்று சொல்லும் பயிற்சி ஆரம்பித்திருக்கிறது. தனி "தா" வருகிறது, "தாத்தா" வரவில்லை.

இதை வீட்டில் சொன்னபோது என் அப்பா, "வளையை அடைச்ச பிறகும் தண்ணி பழைய வழியிலேதான் கொஞ்ச நாள் போகப் பார்க்கும்" என்றார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம், கேட்டு எழுதச் சொன்னார்: "காக்கா" என்று கூப்பிட்டால் இனிமேல் அவர் திரும்பிப் பார்க்கலாமா, கூடாதா?

அரசலாற்றுக் கரை

தாராளமாகத் திரும்பட்டும் ஐயா. திரும்பாமல் இருந்தால் அவள் கூப்பிடுவதையே குறைத்துக்கொள்வாள். திருத்தவும் வேண்டாம், மறுபடி சொல்லு என்று கேட்கவும் வேண்டாம். அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, நாக்கு நுனி தெரியும்படி, "தாத்தா வந்துட்டேன்" என்று சொல்லச் சொல்லுங்கள்.